பெரிய மெஷினை வேண்டாமென்ற சித்தி

வாசலூர்பட்டியில் படகு ஏற வருகிறவர்கள், திரும்பும் வழியில் எங்கள் சித்தியின் கொட்டகையில் வண்டியை நிறுத்துவார்கள். சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து கோணலாக ஒரு குவளையாவது செய்தால்தான் அவர்களுக்குக் கொல்லிமலை வந்த திருப்தி. சித்தி மண்பாண்டம் செய்வதைக் கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுவிட்டாள்.

சித்தப்பா லோடு வண்டி ஓட்டினார். காலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கினால் சாயங்காலம்தான் மலையேறுவார். வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போய், சித்தியோடு சேர்ந்து மறுநாளைக்கான மண்ணை மிதிப்பார். வீட்டுக்குள் பெரியப்பா, அத்தை, நாங்கள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம். அங்கே அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். சோறு வேண்டுமா, போதுமா, அவ்வளவுதான்.

நான் மூன்றாவது படிக்கும்போது, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு ஹோட்டல், தட்டும் குவளையுமாகப் பெரிய ஆர்டர் கொடுத்தது. அதை முடித்துக் கொடுத்தால் சித்தியின் கொட்டகை நிலைத்துவிடும். ஆனால் அவ்வளவு மண்ணையும் மிதித்து மாளாது. மண் பிசைகிற மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று சித்தப்பாதான் சொன்னார். சித்தி அரைமனதோடுதான் சேலத்துக்குக் கிளம்பினாள். மெஷினின் பொத்தானை நான்தான் அழுத்துவேன் என்று அழுது, நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வளைவுக்கு வளைவு என் காது அடைத்துத் திறந்தது.

சேலத்துப் பட்டறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் நின்றது. மேலே மண்ணையும் தண்ணீரையும் போட்டார்கள். முன்பக்கத்திலிருந்து ராட்சத முறுக்கு மாதிரி களிமண் வழுவழுவென்று வந்தது. நானும் சித்தப்பாவும் அதில் மயங்கிவிட்டோம். சித்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, சத்தம் அதிகம் என்றாள். அடுத்ததைக் காட்டினார்கள். அதைக் கழுவுவது கஷ்டம் என்றாள். பட்டறைக்காரர் பொறுமையானவர், ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் சித்தி மூலையில் கிடந்த ஒரு குட்டி மெஷின் முன்னால் போய் நின்றாள். அது பள்ளிக்கூடங்களுக்குச் செய்தது, உங்கள் வேலையில் பாதிக்குத்தான் காணும் என்று பட்டறைக்காரரே எச்சரித்தார்.

"இதே போதுமுங்க," என்றாள் சித்தி.

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மீதி மண்ணை யாரு மிதிக்கறது?" என்று கேட்டார்.

சித்தி மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ பார்ப்பவள் போலக் குனிந்துகொண்டாள். "ஏனுங்க, நாம ரெண்டு பேரும் இல்லீங்களா?"

சித்தப்பாவின் காது சிவந்தது. அதற்குப்பின் அவர் விலைகூடப் பேரம் பேசவில்லை. அந்தக் குட்டியைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினார். வழிநெடுக விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கானால் ஒரே ஆத்திரம். வீடு வந்து சேர்ந்ததும் அம்மாவிடம் ஓடி, பெரிய மெஷின் அவ்வளவு அருமையாக இருந்தும் சித்தி வேண்டுமென்றே வேலைக்காகாததை வாங்கிவிட்டாள் என்று புகார் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

பகலில் மெஷின் ஓடியது, பொத்தானை நான் அழுத்தினேன். ஹோட்டலுக்கான மண் முழுவதும் அதிலேயே பிசைந்து, கெடுவுக்குள் சரக்குப் போய்ச் சேர்ந்தது. ஹோட்டல்காரர்கள் மறுபடியும் ஆர்டர் கொடுத்தார்கள். படகு ஏற வருகிறவர்களுக்கான மற்ற மண் சாயங்காலத்துக்கென்று ஒதுங்கிக் கிடக்கும். சித்தப்பா வந்ததும் கொட்டகையிலிருந்து சளக் சளக்கென்ற மிதிச் சத்தமும், நடுநடுவே சித்தியின் சிரிப்பும் கேட்கும்.

ஒருநாள் மிதிச் சத்தம் நின்று நேரமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை. நான் கூப்பிடப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப அங்க போகாத கண்ணு. மண்ணு இன்னும் பதத்துக்கு வரல."

அந்தப் பெரிய மெஷினை வாங்கியிருந்தால் இந்நேரம் எப்போதோ பதத்துக்கு வந்திருக்கும் என்றேன் நான்.