பாதிப் பாட்டுக்கு மைக் இல்லை

யாங்கோன் நகரத்துத் தாமுவே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் காலையில் என் மகள் செல்வியின் ஜப்பானியப் பாட்டு கேட்டுத்தான் எழுகிறோம். ஜப்பானுக்கு வேலைக்குப் போக மொழி வகுப்பில் சேர்ந்தவள், பாட்டையும் பிடித்துக்கொண்டாள். நாலு வரி ஒன்றும் புரியாமல் ஓடும், திடீரென்று "டுநைட், டுநைட்" என்று இங்கிலீஷ் வந்து நிற்கும், மறுபடி ஜப்பான். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி டோ மியா, "உங்க தமிழ்ப் பாட்டு நல்லா இருக்கே" என்று பர்மியத்தில் பாராட்டினார். என் அரைகுறை பர்மியத்தில் "ஜப்பான், ஜப்பான்" என்றேன். "ஓ, நீங்க ஜப்பான்லருந்தா வந்தீங்க?" என்றார். தலையாட்டிவிட்டேன், வேறென்ன செய்ய.

நான் மன்னார்குடியில் பிறந்து, கல்யாணமாகி யாங்கோன் வந்தவள். ஊரில் எங்கள் தமிழாசிரியர் சினிமாப் பாட்டில் ஓர் இங்கிலீஷ் சொல் வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவார். அணைத்த கையோடு, "அஞ்சு மணி பஸ் போயிடுச்சா?" என்று எங்களைக் கேட்பார்.

செல்வியும் ஒரு பாட்டு எழுதினாள். சரணம் தமிழ், பல்லவி பர்மியம். ஜப்பான் போகுமுன் அம்மன் கோயில் திருவிழாவில் அதைப் பாடிவிட வேண்டுமென்பது அவள் ஆசை. கோயில் செயலாளர் ஊ மாணிக்கம் (இங்கே 'ஊ' என்றால் 'ஐயா' மாதிரி) ஒத்திகையைக் கேட்டுவிட்டு, "பர்மா வரியை எடுத்துடும்மா. கோயில்ல தமிழ் சுத்தமா இருக்கணும்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. "அண்ணே, நம்ம பிள்ளைங்க சாமி பாட்டையே பர்மா எழுத்துல எழுதி வச்சுத்தானே படிக்குதுங்க? எழுத்து உள்ள வரலாம், சொல்லு வரக் கூடாதா?"

"அது வேற, இது வேற."

"ஜப்பான்காரங்க யாரைக் கேட்டு இங்கிலீஷைச் சேர்த்தாங்க?" என்றாள் செல்வி.

"ஒரு வரியும் எடுக்க மாட்டா" என்றேன் நான்.

"பாடட்டும், பாத்துக்கிறேன்" என்று போய்விட்டார்.

ஊரில் இருக்கும் நீங்களும் இதைக் கலப்படம் என்பீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அவள் வீட்டில் பேசுவதும் தெருவில் பேசுவதும்தான் அந்தப் பாட்டில் இருக்கின்றன. எதை வெட்டச் சொல்கிறீர்கள்?

திருவிழா அன்று ஊ மாணிக்கம் ஒலிபெருக்கிப் பெட்டியருகே நின்றுகொண்டார். தமிழ் வரி தெருமுனைவரை கேட்டது. பல்லவி தொடங்கியதும் மைக்கை அணைத்தார். செல்வி நிறுத்தவில்லை. ஒத்திகையில் கேட்டுப் பழகிய பிள்ளைகள், தமிழ்ப் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைக்கிற பிள்ளைகள், எழுந்து நின்று பல்லவியைப் பாடினார்கள். சரணத்துக்கு மைக் வந்தது, பல்லவிக்குப் போனது. மைக் போன பாதிதான் உரக்கக் கேட்டது.

மைக் இருந்த பாதியை அவளோடு சேர்ந்து பாட அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.