சன்னலோரக் கண்ணாடிக் குண்டுகள்

அச்சகத்தில் அவருக்குக் 'கமா' என்று பட்டப்பெயர். ஒரு காற்புள்ளிக்காக முதலாளியிடமே மல்லுக்கு நிற்கிற பிழைதிருத்துநர். விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்கப் பழைய சாமான் கடையில் ஒரு கண்ணாடிக் குண்டு வாங்கினார். அதை வைத்தபின் தாளைப் பார்க்க மனம் வரவில்லை. உள்ளே கடுகளவுப் பூக்கள், பல நிறத்தில், நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தலையைச் சாய்த்தால் ஒரு பூ பெருத்தது, நிமிர்ந்தால் சிறுத்தது. அன்று பிடித்த பித்து. ஓய்வு பெறுவதற்குள் அலமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிட்டது: நீலச் சுருள் ஓடுகிற குண்டு, பனித்துளியாகக் காற்றுக் குமிழ்கள் உறைந்த குண்டு, பட்டை தீட்டிய குண்டு.

பக்கவாதம் வலப்பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோனது. எஞ்சியது 'சரி' என்ற ஒரே சொல். ஆயுசுக்கும் தப்பு கண்டுபிடித்த மனுஷனுக்கு இதுவா மிஞ்ச வேண்டும் என்று பார்க்க வந்த அச்சகக்காரர்கள் சிரித்தார்கள். வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மருமகள் தங்கமான பெண். படுத்தபடியே பார்க்கட்டும் என்று குண்டுகளைத் துடைத்துச் சன்னல் திட்டில் வைத்தாள். காலை வெயிலில் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் விளக்கேற்றியதுபோல நின்றது. அவர் கண்கொட்டாமல் கிடந்தார்.

ஒரு நாள், ஒரு குண்டின் வழியே வந்த வெயில் ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலையில் புள்ளியாகக் குவிந்தது. துணி பழுப்பேறியது, புகை எழுந்தது. இடக்கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை.

"சரி... சரி..." என்று கத்தினார்.

"சரி மாமா, இதோ வரேன்," என்றாள் அவள் சமையலறையிலிருந்து.

துணியில் விழுந்த ஓட்டையின் விளிம்பு சிவந்து மேலேறியது. குரல் கிழிய அதையே சொன்னார். கடைசியில் கருகல் வாடைதான் அவளைக் கூட்டிவந்தது. திரையைப் பிடுங்கிச் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். புறங்கையில் அந்த வெயில் புள்ளி விழுந்து சுரீரென்றபோதுதான் காரணம் விளங்கியது.

மாலையில் மகன் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கினான். "பரண்ல வெச்சிடட்டுமாப்பா? பத்திரமா இருக்கும்."

நிழலில் வைத்தால் போதும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது அந்தச் சொல். பதறி, வெயில் படாத அலமாரியைக் கைகாட்டினார். மகன் அங்கிருந்து போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டு ஏணி எடுக்கப் போனான்.

மருமகள் மட்டும் ஒரு கணம் தயங்கி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனாள்.