சாவு வீட்டு மாற்று

ரங்கூன் தாமுவேயில் தமிழர் குடியிருந்த வரிசைகளுக்கெல்லாம் சலவைக்காரர் செல்லையாதான். சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும் விரிக்கிற வெள்ளைத் துணி, அதாவது மாற்று, அவர் மூட்டையிலிருந்துதான் வரும். எது எதற்கு என்பதைத் துணியோரத்தில் சேங்கொட்டை மையால் இட்ட குறி சொல்லும். 1926-இல் அந்தக் குறி அவர் கண்ணுக்கு மங்கிப்போயிற்று.

ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர், "கண்ணில் புரை, அறுத்து எடுக்க வேண்டும்" என்றார். கத்தி என்றதும் மனுஷர் எழுந்துவிட்டார். நேரே சீனத்தெருவுக்கு ஓடினார். அங்கே ஒரு கிழச் சீன வைத்தியர் இரு கையிலும் நாடி பார்த்து, ஈரல் வறண்டால் கண்ணும் வறளும் என்றார். சாமந்திப்பூக் கஷாயம், சிவப்புச் சிறு பழம், காதோரம் ஊசி என்று இரண்டு மாதம் போயிற்று. எரிச்சல் தணிந்தது, மங்கல் போகவில்லை. வைத்தியர் ஒளிக்காமல், "உள்ளே வெளுத்ததை என் மருந்து துடைக்காது. ஆஸ்பத்திரிக்கே போ" என்று சொல்லிவிட்டார்.

வைத்தியருக்கு இருந்த நேர்மை நோயாளிக்கு வேண்டாமா? மனைவி தங்கமணியிடம், "சீன மருந்து கேட்டுருச்சு புள்ள. எறும்பு ஊர்றதுகூடத் தெரியுது" என்று அளந்தார். அதுவரை குறி பார்த்துத் துணி பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். ரயில்வே மேஸ்திரி சுப்பிரமணியத்தின் மகள் கல்யாணத்துக்கு மட்டும், "நானே கட்டிக்கிறேன், நீ தள்ளு" என்று வீம்பாக மூட்டையைத் தானே கட்டினார்.

மணமக்கள் நடந்துவர மாற்றை விரித்தார். பெண் இரண்டு எட்டு வைத்திருப்பாள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் கூடவே வருகிற நாவிதர் ஓரத்துக் குறியைப் பார்த்துவிட்டார். போன வாரம் பிணத்தடியில் கிடந்த துணி. மேளம் நின்றது.

"மூட்டை யார்ரா கட்டினது?" என்று கேட்டார் மேஸ்திரி.

கண் போனது தெரிந்தால் தொழிலும் போகும். செல்லையா வாய் கூசாமல், "பொம்பளதான் சாமி கட்டுனா. கவனிக்காம விட்டுட்டா" என்றார்.

தங்கமணி அங்கேதான் நின்றிருந்தாள். புருஷனை ஒரு தரம் பார்த்தாள். "ஆமாஞ் சாமி, நாந்தான்" என்றாள். அதற்குப்பின் எந்த நல்ல காரியத்துக்கும் அவளை யாரும் வாசற்படி ஏறவிடவில்லை.

செல்லையாவுக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை. அந்த மாதமே போய்க் கத்திக்குக் கண்ணைக் கொடுத்தார். தலை அசையாமலிருக்க இரு பக்கமும் மணல்மூட்டை வைத்துப் பத்து நாள் படுக்கப் போட்டார்கள். தங்கமணிதான் கஞ்சி ஊட்டினாள். கத்தியைவிட அந்தக் கரண்டி அவருக்கு வலித்தது. உண்மையை மேஸ்திரியிடம் சொல்ல அப்போதும் துணிவு வரவில்லை, பாவி மனுஷனுக்கு.

கண்கட்டைப் பிரித்து, தடித்த கண்ணாடியை மாட்டி, கால்மாட்டில் நின்ற தங்கமணியைக் காட்டி டாக்டர் ஏதோ கேட்டார்.

"யாருன்னு தெரியுதா பெரியவரே?" என்று தமிழில் சொன்னார் கம்பவுண்டர்.

செல்லையா பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன, தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்க. அதான் பாக்க முடியல."