சங்கச் சுவரில் கணேசபாண்டியன்

உருவப்படம் என்றால் ஒருவரை உள்ளபடி காட்டும் படம் என்கிறது அகராதி. தாராவியில் அந்தச் சொல் அழைப்பிதழோடு சரி. யாரையாவது உள்ளபடி காட்டினால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். செண்பகவல்லிக்கு இது தெரியும். கம்ப்யூட்டரில் முகங்களைத் திருத்தி, பெரிதாக்கி, ஃபிரேம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவாள். இருப்பவர்களுக்கு முடி நடுவாள்.

அவள் கணவன் வெயிலுமுத்து, ஊர்ச் சங்கத்துக்காக ஓடியே ஓய்ந்தவன். அவன் இறந்ததும் அவன் படத்தைச் சங்க ஹாலில் மாட்டும்படி கேட்டாள். தலைவர் வேறு யாருமில்லை, அவனுடைய அண்ணன் கணேசபாண்டியன்தான்.

“கண்டவன் படத்தையும் மாட்டுததுக்கு இது என்ன சத்திரமா?” என்றார், நாலு பேர் முன்னால்.

பாசமுள்ள குடும்பம். அந்த வருடமும் பொங்கலுக்குக் கரும்பு அனுப்பினார். அவளும் வாங்கிக்கொண்டாள். மறக்கவில்லை, அவ்வளவுதான்.

சென்ற வருடம் சங்கம் கணேசபாண்டியனுக்கே ‘உருவப்படத் திறப்பு விழா’ அறிவித்தது. உயிரோடிருப்பவருக்குப் படத்திறப்பா என்று சிலர் முனகினார்கள். தலைவர் அவரே என்பதால் மெதுவாக முனகினார்கள். வீட்டு ஆள் இருக்க வெளியே போவானேன் என்று அவள் கடைக்கே வந்து ஸ்க்ரீன் முன் உட்கார்ந்தார்.

“கண்ணுக்குக் கீழ பை தெரியுதே, எடுத்துரு.”

“எடுத்தாச்சு அத்தான்.”

“தாடையக் கொஞ்சம் இறுக்கு. தலையில முடி?”

“நெறையவே வைக்கேன்.”

அவர் சொன்னதைத்தான் செய்தாள். அண்ணன் தம்பி முகம். வயதைக் குறைத்துக்கொண்டே போனால் அது போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கேட்காமல் சேர்த்தது வெயிலுமுத்துவின் உதட்டோரச் சிரிப்பு மட்டும்.

“இதுல்லா நான்” என்றார் கணேசபாண்டியன்.

விழாவில் துணி விலகியது. கைதட்டல் பாதியில் நின்றது. அம்பர்நாத்திலிருந்து வந்திருந்த அந்த அண்ணன் தம்பியின் அக்காள் விஜயலட்சுமி எழுந்து, “ஏ வெயிலு, இங்கயாடா இருக்க” என்று அழுதபடி, தலைவருக்குப் போடக் கொண்டுவந்த மாலையைப் படத்துக்குப் போட்டாள்.

“நம்ம வெயிலுமுத்துல்லா. கீழ பேர மாத்தி அடிச்சிட்டானுவ” என்றார் பின்வரிசையில் ஒருவர். கைதட்டல் மறுபடி எழுந்தது. செண்பகவல்லியும் எல்லோரையும் போலக் கைதட்டினாள்.

மறுநாள் காலையில் கணேசபாண்டியன் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

“படத்த மாத்தணும், செம்பகம்.”

“மாத்திருவோம் அத்தான். அந்தப் பையத் திரும்ப வைக்கவா? வழுக்கையும் வேணுமா?”

அவர் வாடிக்கையாளர்களைப் பார்த்தார். பிறகு கடைக் கண்ணாடியைப் பார்த்தார்.

“இருக்கட்டும்” என்றார்.

படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் செண்பகவல்லி போய்த் தூசு துடைத்துவிட்டு வருகிறாள். பெயர்ப் பலகையை மட்டும் துடைப்பதில்லை.