உப்புக்குச் சாகாத அட்டை

பசறை வீதியில், வாசல் நிலைக்கு மேலே "பி.எஸ்சி." என்று எழுதிய பலகை தொங்கிய வீடு ஒன்றே ஒன்றுதான். மகன் றொனி பேராதனையில் விலங்கியல் படித்து ஊர் திரும்பி, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியராகப் போன அன்றே அவனுடைய அப்பா அதை அடித்து மாட்டிவிட்டார். அந்தக் கிராமத்தில் அதற்கு முன் பட்டம் வாங்கியவர் எவருமில்லை. பட்டம் வாங்கியவனுக்குத் தெரியாதது பூமியில் இருக்காது என்பது அப்பாவின் எண்ணம். ஊரும் அப்படித்தான் நம்பியது. கோழிக்கு வாய் கோணினாலும் பலகையைத் தேடி ஆள் வரும்.

2004ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்த கையோடு நேசராணியும் அந்தப் பலகைக்குக் கீழே வந்து நின்றார். முந்தானைக்குள் ஒரு ஜாம் போத்தல்.

"சார், பூச்சி புழுவெல்லாம் படிச்சவரு நீங்கதானே?"

"பூச்சி மட்டுமில்லங்க, எல்லா உயிரும்தான்" என்றான் றொனி, சற்று நிமிர்ந்து.

"அப்ப இது யாருன்னு சொல்லுங்க."

போத்தலுக்குள் ஐந்து மெல்லிய கைகள் பாம்புவாலாக நெளிந்தன. நடுவில் சட்டைப் பொத்தானளவு உடம்பு. றொனி போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். பிறகு நேசராணியைப் பார்த்தான்.

"இது கடல்ல இருக்கிற சீவனாச்சே. எங்க புடிச்சீங்க?"

"எங்க லயத்துலங்க."

"ஸ்பிரிங்வெளியில கடலா?"

"ஆமாங்க. ஜன்னலோரமா வச்சிருக்கேன்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

நேசராணி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தார். கொழுந்து பறிக்கும் தாய்மார் விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஓடுமுன் கைக்குழந்தைகளை அவர் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். முழங்கால் வீங்குமுன் அவரும் மலையேறிக் கொழுந்து பறித்தவர்தான். புருஷன் எட்வர்ட் நெஞ்சுவலியில் போனபோது மகள் சஜீவனிக்குப் பத்து வயது. பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஓர் ஒற்றை அறைக் காம்பராவில் தாயும் மகளும்தான்.

படிப்பு முடிந்ததும் சஜீவனி மேற்குக் கரையில், அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பனியில் மீன் பொதி கட்டும் வேலைக்குப் போனாள். கொழும்புப் பக்கம் போன மற்றப் பெண்கள் லீவில் வரும்போது பிஸ்கட்டும் சட்டைத் துணியும் கொண்டுவந்தார்கள். சஜீவனி கடலைக் கொண்டுவந்தாள். கம்பனி கழித்துவிட்ட கண்ணாடித் தொட்டி, கான்களில் கடல் தண்ணீர், மலைக்குளிரில் அதைச் சூடாக வைத்திருக்க ஒரு மின்கம்பி, கரைத்துக் கொள்ள உப்புப் பக்கட்டுகள், காற்று ஊதிய பையில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு ஒரேஞ்சு மீன்கள். கடைசியாக, ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கல். காய்ந்த பாண் ரொட்டி மாதிரி முழுக்கத் துளை.

அடுத்த காம்பரா கருப்பம்மா வாயில் கைவைத்தாள். "ஏன்டி புள்ள, இந்த மலையில கல்லுக்கா பஞ்சம்? பஸ்ஸுக்குச் சல்லி குடுத்து கல்லத் தூக்கிட்டு வந்திருக்க!"

"இது உயிருள்ள கல்லு அத்த. உள்ளுக்குள்ள யார் யாரோ குடியிருக்காங்க. ஒவ்வொருத்தரா வெளிய வருவாங்க."

"அப்ப வாடகைய யாருகிட்ட கேக்குறது?"

அடுத்த வருடம், 2003 கடைசியில், சஜீவனி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். போகிற அன்று காலை, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தொட்டி முன் குந்தி, தாய்க்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர் வற்றினால், லயத்துக் குழாயான பீலியின் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்ற வேண்டும். மீனுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் தீனி கூடாது.

"புதுசா ஏதாச்சும் கல்லுலருந்து வந்தா, பேரு தெரியாமத் தொட்றாதம்மா. சிலது நல்லது. சிலது மீனத் தின்னுரும். மொதல்ல யாருன்னு கேட்டுக்க."

"எத்தன பேருடி வருவாங்க?"

"யாருக்குத் தெரியும்? உள்ள இருக்கிறது எல்லாம் வெளிய வர ரெண்டு மூணு வருசமாகும். அதுக்குள்ள நான் வந்துருவேன்."

அந்தப் பேச்சை நேசராணி வேதவாக்காக வைத்துக்கொண்டார். கல்லுக்குள் யாரோ மிச்சமிருக்கிற வரைக்கும் பிள்ளை திரும்பி வந்துகொண்டே இருக்கிறாள்.

நேசராணி கொண்டுவந்த போத்தலில் இருந்தது நொறுங்கு நட்சத்திரம் என்று றொனி புத்தகம் பார்த்துச் சொன்னான். ஒன்றும் செய்யாது, மிச்ச மீதியைப் பொறுக்கித் தின்னும். அன்றிலிருந்து பாடசாலை விட்டதும் அவன் லயத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. பல்கலைக்கழகத்தில் மருந்துப் போத்தலில் வெளிறிப்போய்க் கிடந்தவற்றை இங்கே பிள்ளைக் காம்பரா ஆயா ஒருவரின் ஜன்னலில் உயிரோடு பார்த்தான். பூவிசிறிபோல் விரிந்து, நிழல் பட்டால் சட்டென்று உள்ளிழுத்துக்கொள்வது விசிறிப் புழு. முதுகில் எட்டு ஓடு அடுக்கியது ஒரு வகைச் சிப்பி.

கல்லுக்குள்ளிருந்து அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தமும் வரும். யார் என்று ஒருநாளும் தெரியவில்லை. கருப்பம்மா அதைப் பல்லி என்றே சாதித்தாள்.

"பயணம் போன புள்ளைக்கு நல்ல சகுனம் நேசம்."

"வேதக்காரிக்கு என்னடி சகுனம்?" என்பார் நேசராணி. ஆனாலும் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகம் மலரும்.

மாதக் கடைசி ஞாயிறில் பதுளை டவுனில் இப்றாஹீமின் தொலைபேசிக் கடைக்கு சஜீவனியின் அழைப்பு வரும். இப்றாஹீம் ரிசீவரைத் தூக்கியதுமே, "கடல்காரம்மா, மக!" என்று குரல் கொடுப்பார்.

"அம்மா, யாரும் புதுசா வந்தாங்களா?"

"வந்திருக்காடி. நண்டு. குண்டூசித் தலையளவுதான், அதுக்குள்ள என்னா வீராப்பு! நீ சாப்புட்டியா? அந்த மேடம் நல்லபடியா நடத்துறாங்களா?"

"அதெல்லாம் இருக்கும்மா. நீ நண்டப் பத்திச் சொல்லு."

எப்போது கேட்டாலும் அப்படித்தான். தன்னைப் பற்றிய பேச்சை அவள் தொட்டிக்குள் தள்ளிவிடுவாள்.

கார்த்திகை மழை பிடித்தது. தேயிலைக்குள் அட்டை பெருகி, பெண்கள் முழங்கால்வரை சவுக்காரச் சோப்பு தேய்த்துக்கொண்டு மலையேறும் காலம். றொனி பயிற்சி வகுப்புக்காகக் கண்டிக்குப் போயிருந்தான். மீன்களில் ஒன்று இரண்டு நாளாக இரை எடுக்காமல் கல்லோரம் சரிந்து கிடந்தது. பின்னேரம் வேலை முடிந்து வந்த நேசராணி கண்டார்: துளையொன்றிலிருந்து மண்ணிறத்தில் ஒன்று நீண்டு, மீனின் வயிற்றில் வாயை வைத்திருந்தது.

மகள் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. பேர் தெரியாததைத்தான் தொடக்கூடாது. இதற்குப் பேர் தெரியும். இருபது வருடம் காலிலும் தொடையிலும் இடுப்பிலும் இதற்கு இரத்தம் கொடுத்தவர் அவர்.

"கருப்பம்மா, தொட்டிக்குள்ள அட்ட!"

கருப்பம்மா ஓடிவந்தாள். "உப்பு வையி."

"உப்புத் தண்ணியிலதானடி கெடக்கு!"

"உப்புக்குச் சாகாத அட்டையா? அப்பச் சவுக்காரந்தான்."

பிடித்து இழுக்கக் கூடாது, வாய் உள்ளேயே நின்றுவிடும். சவுக்காரத்தைத் தொட்டுவைத்தால் தானாக விடும். தேயிலைக்குள் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கைவைத்தியம். கொழுந்து பறித்த காலத்துச் சவுக்காரப் பொட்டலம் இன்னும் ஆணியில் தொங்கியது. நேசராணி அதை நனைத்து, தண்ணீருக்குள் கைவிட்டு, அதன் தலையில் வைத்து அழுத்தினார். அது சுருண்டு, மீனை விட்டுத் துளைக்குள் போய்விட்டது.

"விட்டுருச்சு பாத்தியா" என்றாள் கருப்பம்மா.

சஜீவனியின் மீனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நேசராணி செபமாலையை எடுத்தார்.

காலையில் தண்ணீர்மேல் நுரை கட்டியிருந்தது. இரண்டு மீன்களும் நுரைக்குள் புரண்டு கிடந்தன. அதைவிடக் கல்லைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். இதுவரை முகம் காட்டாதவர்களும், இருப்பதாகவே தெரியாதவர்களும், ஒவ்வொரு துளையிலிருந்தும் மூச்சுக்குத் தவித்து வெளியேறி, கல்லைச் சுற்றிச் செத்துக் கிடந்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் வரவேண்டியது ஒரே இரவில் வந்து முடிந்துவிட்டது.

சேதி கேட்டு றொனி வந்தபோது நேசராணி எல்லாவற்றையும் ஓர் எனாமல் தட்டில் எடுத்து, கெடாமலிருக்க உப்புத் தூவி வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னார். றொனி அந்த மண்ணிறப் புழுவைக் குச்சியால் புரட்டினான்.

"இது அட்டையில்லம்மா. முள்மயிர்ப் புழு. செத்தத, சாகக் கெடக்கிறதத்தான் தின்னும். தொட்டிய இவ்வளவு நாளும் கூட்டித் துப்புரவா வச்சிருந்ததே இதுதான்."

"அப்ப... மீனு?"

"அது ஏற்கெனவே முடியாமத்தான் இருந்திருக்கும்."

வெளியே யாரோ பீலியில் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. நேசராணி தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"மிச்சத்துக்கும் பேரு சொல்லுங்க சார்."

"இனி எதுக்கும்மா?"

"மாசம் ஒண்ணா அவகிட்டச் சொல்லணும்."

"அது பொய்யாப் போயிருமே."

"இந்தக் கல்லுலருந்து வந்ததுங்கதானே சார்? வந்த நாளத்தான் மாத்திச் சொல்லப் போறேன்."

றொனி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பேர் சொன்னான். எதைத் தின்னும், எப்படி நடக்கும், எப்போது ஒளியும் என்று பாடமாகச் சொல்லிக்கொடுத்தான். ஒரு கை மட்டும் பெருத்த சிறிய இறால் ஒன்று இருந்தது. "இந்தக் கையைச் சொடுக்கித்தான் சத்தம் போடும். உங்க பல்லி இதுதான்." நேசராணி அதைத் தனியே உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

அந்த மார்கழியில் கடல் பொங்கிக் கரையோரமெல்லாம் அழிந்தது. அன்று மாதக் கடைசி ஞாயிறு, அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தது.

"அம்மா, டீவியில பாத்து இங்க எல்லாரும் அழுதோம். நம்ம வீட்டுக் கடல் எப்படிம்மா இருக்கு?"

"அதுபாட்டுக்குச் சும்மா இருக்குடி."

"புதுசா?"

"ஒரு இறாலு. அதுதான் டக்கு டக்குன்னு சொடுக்கியிருக்கு. கருப்பம்மாகிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கிறா."

சஜீவனி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நேசராணி அடுத்த மாதமும் போனார். கடல் முள்ளெலி, ஓடில்லா நத்தை, பஞ்சுபோன்ற ஒன்று. பேர்கள் குறையக் குறைய, ஒன்றையே இரண்டு மாதத்துக்கு இழுத்தார். "தலைய மட்டும்தான் காட்டியிருக்கு, மிச்சத்த அடுத்த மாசம் பாத்துச் சொல்றேன்." இரண்டு வருடம் முடிந்தபோது, "மேடம் இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்கம்மா" என்றாள் மகள். அந்த மாதம் நேசராணியிடம் மிஞ்சியது புழு மட்டும். அதைத் தொலைபேசியில் சொல்வதில்லை, பிள்ளை வந்த பிறகு முகம் பார்த்துத்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டார். பிறகு வந்த மாதங்களில், "ஒருத்தரும் வரலடி, உன்னப் பாத்துட்டுத்தான் வருவாங்க போல" என்று சமாளித்தார்.

2006 ஆவணியில் இப்றாஹீம் வழக்கம்போல் கூப்பிடவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். பேசியது சஜீவனி இல்லை. குவைத்தில் பக்கத்து வீட்டில் வேலை செய்த காமிலா என்ற பெண்.

"அம்மா... சஜீவனி மௌத்தாயிட்டா. மாடியிலருந்து விழுந்துட்டான்னு அந்த வீட்டாக்கள் சொல்றாங்க."

மூடி ஆணியடித்த பெட்டி பதுளைக்கு வந்து சேரச் சில வாரமாயிற்று. திறக்கக் கூடாது என்றார்கள். கூடவே வந்த பயணப் பெட்டியில் அவளுடைய உடுப்புகளுக்கும் வேதாகமத்துக்கும் நடுவில் கனமாக ஒரு பை. மேலே ஒரேஞ்சு மீன் படம். தொட்டிக்குக் கரைக்கும் உப்பு. உடைக்கப்படவில்லை.

குழிக்குள் உப்புப் போடுவது தோட்டத்து வழக்கம். ஃபாதர் செபம் முடித்து விலகியதும், கருப்பம்மா கடையில் வாங்கிய உப்புச் சரையை நீட்டினாள். நேசராணி அதை வாங்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து அந்தப் பையை எடுத்துப் பல்லால் கிழித்து, பெட்டியின்மேல் தலையிலிருந்து கால்வரை தூவினார். பிறகு குனிந்து, "முள்மயிர்ப் புழுடி. நல்ல புள்ளதான். அம்மாதான் அட்டைன்னு நெனச்சிட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற றொனிக்கு மட்டும் அது கேட்டது.

கல் இப்போது சஜீவனியின் தலைமாட்டில் இருக்கிறது. மழை நாளில் அதன் துளைகளில் அட்டை ஏறி நிற்கும். நேசராணி அவற்றைத் தட்டிவிடுவதில்லை. தொட்டியைக் கருப்பம்மாவின் பேத்தி வாங்கிப்போய்விட்டாள். நேசராணி ஸ்பிரிங்வெளியில், அதே லயத்தில், அதே காம்பராவில் தனியாக இருக்கிறார்; காலையில் பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறார்.