சேர்த்துப் போடாத குரல்

செத்துப்போன நல்லுசாமி பூசாரியின் குரல் அவர் மகனுடைய கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டதாகவும், அதைத் திறக்கப் போனால் கருப்பசாமியே கம்ப்யூட்டரை அணைத்துவிடுவதாகவும் திண்டுக்கல்லில் ஒரு பேச்சு. எனக்கு இதைச் சொன்னது பாஸிலா. அவளுக்குச் சொன்னது, அவளுடைய செல்போன் கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு பூக்காரம்மா. பூக்காரம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று பாஸிலா கேட்டுக்கொள்ளவில்லை.

"கேட்டா மட்டும் என்ன, நீ டப்ளின்லேருந்து வந்து பாக்கவா போறே?" என்று வாய்ஸ் மெசேஜில் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா மோகனு சரியில்லப்பா. மாடிக்குப் போறான், எறங்கி வாரான். டீ குடுத்தா குடிக்கிறான். குடுக்காட்டி கேக்குறதில்ல."

அந்தப் பூசாரியின் மகன்தான் மோகன்குமார். நானும் அவனும் பாஸிலாவும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு வரிசை. அதன் பிறகு என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். அவன் மைக்செட்காரர் ஒருவரோடு சேர்ந்துகொண்டான். குழாய் ஸ்பீக்கர் கட்டப் புளியமரம் ஏறினான். காதுகுத்து வீடுகளில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினான். கல்யாணத்துக்குப் பிறகு, மனைவி முனீஸ்வரி சொல்லித்தான், பாஸிலா கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தான். சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி, கதவில் பழைய மெத்தையை ஆணியடித்து, அதற்கு ஸ்டுடியோ என்று பேர் வைத்தான்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவன்தான். காலையில் ஒரு சின்னத்துக்கு ஓட்டுக் கேட்ட அதே தொண்டை மாலையில் வேறு சின்னத்துக்குக் கேட்கும். காய்கறி வண்டி, பழைய இரும்பு வாங்கும் வண்டி, துக்கச் செய்தி சொல்லிப் போகும் ஆட்டோ, மார்கழியில் கிறிஸ்துமஸ் பாட்டு என்று எல்லாம் அந்த முட்டை அட்டைகளுக்கு நடுவில் பிறந்தவை. பதிவு நடக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவான். சித்திரை மாதத்தில் வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாடுவார்கள். "வேர்வ மைக்குல கேக்காதுண்ணே, நீங்க பாடுங்க" என்பான்.

பதிவு செய்யும் மென்பொருளை அவன் காசு கொடுத்து வாங்கியதில்லை. யாரோ பூட்டை உடைத்துப் பென்டிரைவில் கொடுத்தது. பல வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது.

அவன் அப்பா நல்லுசாமி வடமதுரைப் பக்கம் மல்லிகை போட்டவர். குலசாமியான கருப்பனுக்கு அவர்தான் பூசாரி. சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடும்போது உடுக்கையை அடித்து, சாமியைக் கூப்பிடுகிற வர்ணிப்புப் பாடுவார். பாட்டு முடியும் இடத்தில் சாமியாடி தங்கமுத்துவின் மேல் கருப்பன் இறங்கும். அருள்வாக்குச் சொல்லி முடித்த பிறகு சாமியை மலையேற்ற வேண்டும், அதாவது வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் பாட்டு கிடையாது, உடுக்கை கிடையாது. மைக்கை நிறுத்திவிட்டு, சாமியாடியின் காதோடு வாய் வைத்துச் சொல்கிற சில வரிகள்தான். சொல்லாவிட்டால் இறங்கியது போகாது.

நல்லுசாமிக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்த வருஷம், வர்ணிப்பைப் பதிவு செய்து வைக்கலாம் என்று மோகன் கேட்டான். அவர் உடனே ஒத்துக்கொண்டதில் அவனுக்கே ஆச்சரியம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"துண்டு துண்டாத்தான் சொல்லுவேன் அப்பு. நடுவுலருந்து ஆரம்பிப்பேன், மொதலு கடசியில வரும். நீ ஒண்ணா சேத்துப் போட்டுறாத. சேந்துச்சுன்னா கூப்பிட்டதாயிரும். இந்த மெத்தக் கதவுக்குள்ள வந்து நின்னா என்னத்தக் குடுப்ப? முட்ட அட்டையையா?"

மோகன் அப்படியே செய்தான். துண்டுகளை மென்பொருளுக்குள் சரியான வரிசையில் அடுக்கி வைத்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பாட்டாக மாற்றி வெளியே எடுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அன்று சாயங்காலமே ஒரு எம்பி3 எடுத்து நாலு பேருக்கு அனுப்பியிருப்பார்கள். மலையேற்றுகிற பேச்சை மட்டும் நல்லுசாமி மைக்கில் சொல்ல மறுத்துவிட்டார். மல்லிகைக் கொல்லையில் நின்று மகனுடைய செல்போனில், மெதுவாகச் சொன்னார்.

அவர் போன பிறகு வந்த சிவராத்திரிக்குத் துஷ்டி, சாவுத் தீட்டு என்று கோயிலைத் திறக்கவில்லை. இந்த வருஷம் திறந்தாக வேண்டும். பூசாரி வேலை மகனுக்கு வர வேண்டியது. மோகன், "எனக்கு வராது, அப்பா குரலே கூப்பிடட்டும், நான் ஸ்பீக்கர் வைக்கிறேன்" என்று பங்காளிகளிடம் சொல்லிவிட்டான். குரல் கிடைக்காவிட்டால் இன்னொரு பங்காளியான முகேஷ்குமார் வீட்டுக்குப் பூசாரிப் பட்டம் போகும் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகுதான் மென்பொருள் திறக்க மறுத்தது.

சிவராத்திரிக்கு முந்தின நாள், எனக்குக் காலை, அவனுக்கு உச்சி வெயில் சாய்கிற நேரம். அவன் கம்ப்யூட்டர் திரையை என் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வீடியோவில் அழைத்தேன்.

"என்ன காட்டுது மாப்ள?"

"பேரா ஓடுது. மூடிக்கிருது."

"இங்கிலீஷ்ல எதும் வருதா?"

"எதிர்பாராத விதமா நின்னுருச்சுன்னு வருது. தெனமும் அதான் நடக்குது. அவனுக்கு இன்னும் எதிர்பாராமத்தான் இருக்கு."

சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

மறுபடி திறக்கச் சொன்னேன். திறக்கும்போது கீழே ஒவ்வொரு துணைக்கருவியின் பேரும் ஓடும். எந்தப் பேரில் நின்று மூடுகிறதோ அதில்தான் கோளாறு. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே பேர். குரலுக்கு எக்கோ கொடுக்கிற கருவி.

"இத எப்ப போட்டே?"

"அப்பா காரியம் முடிஞ்ச மறுநா."

"எதுக்கு?"

"சும்மாதான். துண்டு துண்டா கேட்டேன். குரலு காஞ்சு கெடந்துச்சு."

அவன் அப்பா சாவுக்கு அழவில்லை என்று முன்பே பாஸிலா சொல்லியிருந்தாள். பந்தலில் மைக்செட் இரைந்ததாம். அதைச் சரிசெய்துகொண்டே இருந்தானாம்.

அந்தக் கருவி இருந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினான். திறந்தது. ஆனால் மெனுவில் பாதி சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் கிடந்தது. கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில், எக்கோ கருவி ஒத்துப்போகாமல் போனதோடு, உடைத்து வைத்திருந்த பூட்டும் மறுபடி விழுந்திருந்தது. சேமிக்க முடியாது, பாட்டாக வெளியே எடுக்கவும் முடியாது. ஓடவிட்டுக் கேட்க மட்டும்தான் முடியும்.

"ஓடவிட்டு, ஒயர் வழியா பாஸிலா லேப்டாப்புல பதிஞ்சுக்கலாம். ஸ்பீக்கர நிறுத்திரு. சத்தமே வெளிய வராது" என்றேன்.

அவன் யோசித்தான். "ஒயருக்குள்ள சேந்து போனா கூப்பிட்டதாகாதா?"

"தெரியல மாப்ள" என்றேன். அவன் "ம்" என்றான்.

அப்போது அவன் பக்கத்தில் மெத்தைக் கதவு திறக்கும் சத்தம். தங்கமுத்து வந்திருந்தார். நல்லுசாமிக்குச் சித்தப்பா மகன், அறுபதைத் தாண்டியவர். கருப்பன் இறங்குவது இவர் மேல்தான்.

"ஏலே அப்பு, ஒங்கப்பன் இந்தப் பொட்டிக்குள்ள இருக்கானா இல்லையா?"

"பாத்துக்கிட்டிருக்கோம் சித்தப்பா."

"யாரு இவன், தெரையில? வெளிநாட்டுக்காரனா? தம்பி, அங்கன குளுரு எம்புட்டு?"

"கம்மிதான் பெரியவரே" என்றேன்.

"வெள்ளக்காரன் ஊர்ல உக்காந்துக்கிட்டு எங்க கருப்பனுக்கு வைத்தியம் பாக்குறியாக்கும். பாரு, பாரு." அவர் சிரித்தார், இருமினார். பிறகு மோகனிடம் சொன்னார்: "கூப்பிடுறது கெடக்கட்டும். அனுப்புற பேச்சு இருக்கா, அத மட்டும் சொல்லு. ஒங்கப்பனுக்கு முந்தி ஒரு தடவ அனுப்ப ஆளில்லாம விடியக்காலம் வரைக்கும் ஆடுனேன். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. அப்ப எளவட்டம், தாங்குச்சு."

"இருக்கு சித்தப்பா."

"கேட்டுப் பாத்தியா?"

"தெறந்ததும் பாத்துச் சொல்றேன்."

"சாயங்காலம் போன் போடுவேன். எடுத்துச் சொல்லிரு. ஆமாங்கணும், இல்லாட்டி இல்லங்கணும். ரெண்டுங்கெட்டானா சொல்லக் கூடாது. அப்பத்தான் முகேஷு வீட்டுக்குச் சொல்லிவிட முடியும்." அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வர்ணிப்பு இருந்த கோப்பைத் திறந்தோம். எக்கோ கருவி இல்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது, போகட்டும் என்று விட்டோம். துண்டுகள் நீல நிறத்தில் வரிசையாக வந்து நின்றன. அதன் பிறகு நடுவில் இன்னொரு பெட்டி வந்தது. ஒரு கோப்பைக் காணோம், எங்கே இருக்கிறது என்று காட்டு என்றது. வரிசையின் கடைசியில் ஒரு துண்டு மட்டும் உள்ளே அலை எதுவும் இல்லாமல் வெறும் கட்டமாக நின்றது.

"அது எது?"

"மலையேத்துறது. அப்பா செல்லுல சொன்னது."

"அத இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள காப்பி பண்ணலையா?"

"செல்லை ஒயர்ல மாட்டி இழுத்து வச்சேன். உள்ள வந்துருச்சுன்னு நெனச்சேன்."

இழுத்து வைத்தால் மென்பொருள் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும், கோப்பு செல்லிலேயே இருக்கும். அந்தச் செல் எங்கே என்று கேட்டேன். திரை உடைந்ததும் பாஸிலா கடையில் கொடுத்துவிட்டு வேறு வாங்கியிருந்தான். அவள் அதை அழித்து வேறு யாருக்கோ விற்றிருந்தாள். கேட்டால் அழுதுவிடுவாள், அவளிடம் சொல்லாதே என்றான். அவன் பக்கம் சாயங்காலம் ஆகும் வரை கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன், குப்பைத் தொட்டியிலும் தேடினேன். இல்லை.

"மத்ததெல்லாம் இருக்கே மாப்ள. இந்தக் கடசி வரிய யாராச்சும் தெரிஞ்சவங்க..." என்று இழுத்தேன்.

"யாருக்கும் தெரியாது."

"ஒனக்கு?"

அவனுடைய அம்புக்குறி கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்தது.

"வர்ணிப்பு எனக்குத் தெரியாது. அது பாடுறப்ப நான் சத்தத்தோட லெவலத்தான் பாப்பேன். வார்த்த காதுல ஏறாது. மலையேத்துறப்ப மைக்க ஆஃப் பண்ணிருவோம்ல, எனக்கு வேல இருக்காது. பக்கத்துல நின்னு கேப்பேன். வருஷா வருஷம்." நிறுத்தினான். "தெரியும். முழுசாத் தெரியும்."

"அப்பறம் என்ன? கூப்பிடுறது அப்பா கூப்பிடட்டும். நீ அனுப்பு."

"அது ஸ்பீக்கர்ல சொல்றது இல்ல. காதுல சொல்லணும். தொட்டுக்கிட்டு."

"சொல்லுவியா?"

"ஒண்ணுமே தோண மாட்டேங்குது மாப்ள. அப்பா போனதுலருந்து. சித்தப்பா காதுல வாய வச்சுட்டு, ஒண்ணும் தோணாம நான் அத எப்பிடிச் சொல்றது? எறங்குனது போகாம நின்னுருச்சுன்னா? அவருக்கு இப்ப வயசு என்ன?"

அவன் பக்கத்தில் போன் அடித்தது. பழைய நோக்கியா மணிச் சத்தம். முட்டை அட்டை ஒட்டிய அறையில் அது எதிரொலியே இல்லாமல் கேட்டது.

"சித்தப்பாதான்" என்றான் மோகன்.

என் திரையில் அவனுடைய அம்புக்குறி அந்த வெறும் கட்டத்தின் மேல் நின்றது. ஆடவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

"எடு மாப்ள" என்றேன்.

அடித்துக்கொண்டிருந்தது.