தரை தெரிந்த கயம்

‘போன ஞாயிறு பத்திரிகையில் உங்கள் பக்கத்தில் வந்த ஆற்றுப் படம் பார்த்தோம் சார். கண்ணாடி மாதிரி தண்ணீர்! அடியில் கிடக்கும் கூழாங்கற்களைக்கூட எண்ணிவிடலாம் போலிருக்கிறது. முழங்கால் ஆழம்தான் இருக்கும், இல்லையா? வரும் ஞாயிறு குடும்பத்தோடு உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறோம். அருவியில் கூட்டமாக இருக்குமாம். அதனால் பாப்பாவை இந்த ஆற்றில் குளிக்கவைக்கலாம் என்று திட்டம். கயம்... என்ன அழகான பெயர்!’

திருப்பூரிலிருந்து ரேவதி என்ற வாசகி எழுதிய மின்னஞ்சல். அவர் எழுதியது புதன்கிழமை. பத்திரிகை அலுவலகம் எனக்கு அனுப்பியது வெள்ளிக்கிழமை. நான் திறந்தது சனிக்கிழமை சாயங்காலம். தேதி பார்க்காமல் எதையும் படிக்காதவன் என்று என்னை நீங்கள் கேலி செய்வதுண்டு. அன்றைக்கு அந்தப் பழக்கம் உதவியது. வரும் ஞாயிறு என்றால்... நாளைக்கு!

திருப்பூரில் எப்படியோ தெரியாது. எங்கள் மாவட்டத்தில், அதுவும் மேற்குப் பக்கம், கயம் என்பது வெறும் பெயர் இல்லை. எச்சரிக்கைப் பலகை. ஆறு வளையும் இடத்தில் பாறையைக் குடைந்து ஆழம் போட்டு வைத்திருக்குமே, அதுதான் கயம். குளிக்கிற இடத்துக்குக் கடவு என்று பெயர். கடவில் குளிப்பார்கள். கயத்தில் கால் வைக்கமாட்டார்கள்.

படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தது இதுதான்: ‘மருதடிக் கயம், திற்பரப்புக்குக் கீழே. தை மாதக் காலை.’ எந்த லென்ஸ் என்பதுகூட இருந்தது. ஆழம் என்று தனியாக எழுதவில்லை. கயம் என்று எழுதிய பிறகு ஆழம் என்று வேறு எதற்கு எழுத வேண்டும்? இங்கே யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

இன்னொன்றையும் எழுதவில்லை. லென்ஸின் முன்னால் ஒரு போலரைசர் இருந்தது.

கேமரா வைத்திருக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போலரைசர் என்பது கூலிங் கிளாஸ் மாதிரி லேசாகக் கறுத்த ஒரு வட்டக் கண்ணாடி. லென்ஸின் வாயில் மாட்டிவிட்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு திருப்பில் வானம் அடர்நீலமாகும். ஈர இலைமேல் இருக்கும் மினுமினுப்பு போய்ப் பச்சை எழும். தண்ணீரைச் சாய்வாகப் பார்த்துத் திருப்பினால், மேலே மிதக்கும் வானத்தின் பிம்பம் அப்படியே கழன்றுவிடும். அடியில் இருப்பது தெரியும்.

அடி தெரியும். எவ்வளவு அடியில் என்பது தெரியாது. போதாக்குறைக்கு, தண்ணீருக்குள் கிடக்கும் எதுவுமே மேலே எழும்பி வந்தது போலத்தான் கண்ணுக்குத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆற்றங்கரையில் யாருக்கு அது நினைவுக்கு வரும்?

உடனே பதில் போட்டேன். ‘தயவுசெய்து இறங்காதீர்கள்.’ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். பதில் இல்லை. அவர் எழுதியதில் போன் நம்பரும் இல்லை. இந்நேரம் பஸ்ஸிலோ வேனிலோ பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருப்பார். மின்னஞ்சலை யார் பார்க்கப்போகிறார்கள்?

செல்வினைக் கூப்பிட்டேன். வடசேரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பன். இந்த போலரைசரை எனக்கு விற்ற பாவம் அவனைச் சேரும்.

“ஏலே, நீ படந்தானே எடுத்தே? அவியளக் கையப் பிடிச்சி எறக்கியா விட்டே?” என்றான்.

“தரை தெரியுதுலே படத்தில. அதப் பாத்துட்டு வாறாங்க.”

“எனக்கு நாளைக்கு ஒரு பர்த்டே ஆர்டர் உண்டு மக்கா.”

“அது சாயங்காலம்லா?”

“சரி, சவத்த, வாறேன். ஒனக்க வெப்ராளத்தப் பாத்தா, நீயே கயத்தில சாடிருவ போலிருக்கு.”

வெப்ராளம். பதற்றம் என்று எழுதினால் பாதிதான் வரும். பதற்றம் நெஞ்சோடு நின்றுவிடும். வெப்ராளம் கைக்கும் காலுக்கும் இறங்கும்.

காலையில் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன். எதிரில் வந்த ஒவ்வொரு வேனையும் திரும்பிப் பார்த்தேன். திற்பரப்பில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இறங்கி, நம்பர் பிளேட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு டிரைவர், “என்ன சார், வண்டி காணாமப் போச்சா?” என்று கேட்டார். திருப்பூர் வண்டி ஒன்றும் கண்ணில் படவில்லை. நிம்மதிப்படுவதா? அல்லது, அவர்கள் நேரே ஆற்றுக்குப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதா?

மருதடிக்கு இறங்கும் பாதையின் தொடக்கத்தில் ராஜம்மா அக்காவின் டீக்கடை இருக்கிறது. என்னைக் கண்டதுமே அவர் சொன்னார்.

“சாரே, இப்பந்தான் ஒரு குடும்பம் வந்துச்சு. போன்ல ஒரு படத்தக் காட்டி, இந்த எடம் எங்கன்னு கேட்டாவ. இதாக்கும் எடம்னு கையக் காட்டினேன். பாத்துட்டு, ‘இது இல்ல’ன்னுட்டாவ.”

“அப்புறம்?”

“தண்ணி கறுப்பா இருக்காம். படத்தில உள்ளது வேற எடமாம். தேடிட்டுக் கீழ்ப்பக்கமாப் போறாவ.”

கயம் தன் கறுப்பைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. என் படம் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது!

ஓடினோம். கயத்தின் கீழ்முனையில் ஒரு மருதமரம் ஆற்றின்மேல் கவிந்து நிற்கும். அதன் நிழல் விழும் இடத்தில் வானம் தண்ணீரில் தெரியாது. அங்கே மட்டும், எந்த ஃபில்டரும் இல்லாமலே, அடியில் உள்ள கற்கள் தெரியும். மரத்துக்கு நேர்கீழே உள்ள பாறையில் அவர்கள் நின்றார்கள். ரேவதியின் கணவர் பேன்ட்டை முழங்காலுக்குமேல் மடித்துவிட்டிருந்தார். வாத்து வடிவ ரப்பர் வளையத்தை இடுப்பில் மாட்டிய ஒரு சிறுமி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு காலை நீட்டியிருந்தார்.

“எறங்காதீங்க!” என் குரல்தான். எனக்கே அது யாருடையதோ போலிருந்தது.

அவர் திரும்பினார். “ஏனுங்க?”

“அந்தப் படத்த எடுத்தவன் நான்தான்.”

முகம் மலர்ந்துவிட்டது. “அட, நீங்கதானுங்களா! ரேவதி, இங்க பாரு, சாரே வந்துட்டாரு! மேல ஒரு எடம் காட்டுனாங்க, அது இல்லீங்க. இதுதானுங்களே?”

“ரெண்டும் ஒண்ணுதான். ஒரே கயம்.”

“அதெப்படிங்க? இங்க தரை தெரியுதே.”

“தரை தெரியும். காலு எட்டாது,” என்றான் செல்வின்.

அவர் சிரித்தார். நம்பவில்லை. என்னிடம் பையில் போலரைசர் இருந்தது. அறிவியலால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். ரேவதியைக் கொஞ்சம் மேலே அழைத்துப்போய், கறுத்துக்கிடந்த தண்ணீரைக் காட்டி, கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துத் திருப்பச் சொன்னேன். திருப்பினார். “அய்யோ!” என்றார். மேலே கிடந்த பிம்பம் மறைந்து கல் தெரிந்துவிட்டது.

“பாருங்க, இங்கயும் ஆழமில்லீங்க!” என்று கணவருக்குக் கத்தினார்.

செல்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். “கெடுத்தியா? இப்ப முழு ஆத்திலயும் எறங்குவாவ.”

அதற்குள் பின்னாலேயே ராஜம்மா அக்கா வந்துவிட்டார். கையில் தோட்டி. பலாக்காய் பறிக்கிற, நுனியில் கொக்கி கட்டிய நீளமான மூங்கில் கழி. கடையின் கூரையைவிட உயரம். அதை செல்வின் கையில் கொடுத்தார். அவன் மரத்தடிப் பாறை விளிம்பில் குப்புறப் படுத்து, அந்தக் கல் தெரிந்த இடத்தில் நேராக இறக்கினான்.

இறங்கியது. தண்ணீருக்குள் கழி ஒடிந்தது போல் வளைந்து தெரிந்தது. இன்னும் இறங்கியது. அவன் மணிக்கட்டு நனைந்தது, முழங்கை நனைந்தது, தோள்பட்டையும் நனைந்தது. கல் அப்படியேதான் கிடந்தது, கையெட்டும் தூரத்தில்.

“தட்டுதா?” என்று கேட்டேன்.

“எங்க தட்ட!” என்றான்.

ரேவதியின் கணவர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வாத்தோடு சேர்த்து. பாறையை விட்டு இரண்டடி பின்னால் வந்தார். மடித்த பேன்ட்டை ஒரு கையால் இறக்கிவிட முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ரேவதி மெதுவாகக் கேட்டார். “கயம்னா என்னங்க அர்த்தம்?”

“ஆழம்னு அர்த்தம் மக்களே,” என்றார் ராஜம்மா அக்கா. “வேற ஒண்ணும் இல்ல.”

பிறகு சிறுமி மேலே உள்ள கடவில் குளித்தாள். அங்கே அவள் இடுப்பளவு தண்ணீர். கலங்கல், சோப்பு நுரை, துவைக்கிற சத்தம். படம் எடுக்க லாயக்கில்லாத இடம். நான் எடுக்கவும் இல்லை.

ஆனால் வெப்ராளம் இன்னும் அடங்கவில்லை. வந்தவர்கள் எழுதிவிட்டு வந்தார்கள். எழுதாமல் வருகிறவர்கள்? அந்தப் படத்தை இதற்குள் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள்... கீழே உள்ள வரியை வெட்டிவிட்டு, ‘சூப்பர் ஸ்பாட்’ என்று போட்டு? போலரைசர் பொய் சொல்வதில்லை. இருக்கிற கல்லைத்தான் காட்டுகிறது. அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம்.

ஆகவே, உங்களிடம் அந்தப் படம் இருந்தால், அதன் கீழே இதைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: மருதடிக் கயம். போலரைசர் மாட்டி எடுத்தது. குளிக்கும் இடம் அல்ல. ஆழம் ஒரு தோட்டிக்கும் மேல். மூன்றாள் என்கிறார் ராஜம்மா அக்கா. நாலாள் என்கிறான் செல்வின். அடியைத் தொட்டுவிட்டு வந்து சொன்னவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே, ஆழம்: சரிபார்க்கப்படவில்லை.